குருதியும் வாய்மையும்: ரிற்மஸின் ‘கொடை உறவு’ பற்றி ஒரு மறுநோக்கு

இரத்ததானம் செய்யச் செல்பவனை முதலில் எதிர்கொள்வது ஊசியன்று, ஒரு படிவம். செங்கண்மாரி கண்டதுண்டா, மலேரியா வந்ததுண்டா, அண்மையிற் பச்சை குத்திக்கொண்டாயா, போதைமருந்தை ஊசியாக ஏற்றியதுண்டா, யார் யாருடன் உறவு கொண்டாய் என்று அது வரிசையாக வினாவுகின்றது. வினாக்களின் கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டு கூடுகள். அவற்றின் கீழே கையொப்பம். இதற்குச் சாட்சி இல்லை; குறுக்குவிசாரணை இல்லை. தன் வாழ்வைப் பற்றித் தானே அளிக்கும் வாக்குமூலம் இது. இவ்வாக்கு பொய்யாகுமிடத்துத் தண்டனை அடைபவன் பெரும்பாலும் அதனைக் கூறியவனல்லன். எங்கோ ஒரு வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கும் முகமறியாத ஒருவனே அதனை அடைகின்றான்.

வாயின் நேர்மையை வாய்மை என்றும், மெய்யாகிய உடலின் நேர்மையை மெய்ம்மை என்றும் பிரித்துரைப்பது தமிழ் மரபு. இரத்த வங்கியும் இவ்விரண்டையும் தனித்தனியே சோதிக்கின்றது. முதலில் வாயைக் கேட்கின்றது. பின்னர் உடலிலிருந்து எடுத்த குருதியைக் கேட்கின்றது. ஆய்வுகூடப் பரிசோதனைகள் வளர்ச்சியுறாத காலத்தில் வாயின் விடையே பெரிதும் நம்பப்பட்டது. அவ்விடை எப்பொழுது நம்பத்தக்கது, எப்பொழுது நம்பத்தகாதது என்ற கேள்வியை மருத்துவர்களின் தனிச்சொத்தாக விடாது, சமுதாய அமைப்புப் பற்றிய கேள்வியாக எடுத்து நிறுத்திய நூல் ஒன்றுண்டு. றிச்சாட் ரிற்மஸ் 1970இல் வெளியிட்ட ‘கொடை உறவு’ என்பதே அது. முற்போக்காளர் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் போற்றிவந்த நூல் அது. போற்றும் நூலை மறுபடியும் உரைத்துப் பார்ப்பதும் போற்றுவோர் கடனே.

ரிற்மஸ் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவர். எனினும் லண்டன் பொருளியற் கல்லூரியிற் சமூக நிருவாகத்துறைப் பேராசிரியராக விளங்கினார். 1948இல் தோன்றிய பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் அறநெறியை நியாயப்படுத்துவதே அவரது வாழ்நாட் பணி எனலாம். அந்நாட்டிற் குருதி விற்கப்படவுமில்லை, வாங்கப்படவுமில்லை. ஐக்கிய அமெரிக்காவிலோ அது பெருமளவு சந்தைப்பண்டமாக இருந்தது. நகரங்களின் வறிய தெருக்களிற் கடைதிறந்த வணிகர், வேலையற்றோரிடமும் குடிப்பழக்கத்தால் நலிந்தோரிடமும் குருதியைச் சில டொலருக்கு வாங்கினர். இவ்விரு முறைகளையும் ஒப்புநோக்கிய ரிற்மஸ், சந்தைமுறை விரயம் மிக்கது, செலவு மிக்கது, யாவற்றினும் மேலாக ஆபத்து மிக்கது என நிறுவ முற்பட்டார்.

அவரது வாதத்தின் உயிர்நிலை வாய்மை பற்றியது. குருதிவழி பரவும் ஈரல் அழற்சியை முன்கூட்டியே கண்டறியத்தக்க நம்பகமான பரிசோதனை அவர் எழுதிய காலத்தில் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ஆதலின், கொடுப்பவன் தன் நோய்வரலாற்றை ஒளியாது சொல்வதே காப்பாக இருந்தது. பசிக்காகக் குருதி விற்பவனிடம், ‘உனக்கு ஈரல் நோய் வந்ததுண்டா?’ என்று கேட்டால், ‘ஆம்’ என்னும் சொல்லுக்கு அவன் அன்றைய உணவை விலையாகக் கொடுக்கவேண்டும். கைம்மாறு வேண்டாது கொடுப்பவனோ உண்மை சொல்வதால் எதையும் இழப்பதில்லை. எனவே, ஒரு சமுதாயம் உண்மையை எதிர்பார்க்கவேண்டுமாயின் உண்மை சொல்லக்கூடிய நிலையில் மனிதரை வைத்தல்வேண்டும் என்பது ரிற்மஸின் முடிபு. வாய்மை தனிமனிதனின் பிறவிக்குணமன்று, சமுதாய உறவின் விளைவு என்னும் இக்கருத்து பொருள்முதல்வாதிக்கு உவப்பான கருத்தென்பதிற் சந்தேகமில்லை.

நூல் வெளிவந்த பின் எதிர்ப்பும் எழுந்தது. சந்தை வந்தால் கொடையுணர்வு குன்றும் என்ற அவரது கூற்றை 1972இற் பொருளியலறிஞர் கெனெத் அறோ ஐயுற்றார். எனினும் நூல் எழுப்பிய விவாதம் வீண்போகவில்லை. 1978இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், நோயாளிக்கு ஏற்றப்படும் குருதிப் பொதி ஒவ்வொன்றிலும் அது விலைகொடுத்துப் பெற்றதா, தொண்டராகக் கொடுத்ததா எனக் குறிக்கவேண்டுமென விதித்தது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பின் வழியே, 1998ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து தொழில்முறையிற் குருதி விற்பது தடைசெய்யப்பட்டது.

சீனத்தின் ஹெனான் மாகாணத்தில் 1990களில் நடந்தது சந்தையின் கோரத்தை இன்னும் அப்பட்டமாகக் காட்டிற்று. அங்கே வறிய உழவரின் குருதியைச் சேகரித்தோர் அதன் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்துக்கொண்டு, பலருடைய செங்கலங்களை ஒன்றாகக் கலந்து மீண்டும் அவர்கள் உடலிலேயே ஏற்றினர். ஊர் ஊராக எச்.ஐ.வி. பரவிற்று. இக்கொடுமையை உலகறியச் செய்தவர்களுள் ஒருவரான வைத்தியர் காவோ யாவோஜியே 2023இற் புலம்பெயர்ந்த நாட்டிலேயே காலமானார். இவ்விடத்து ஒன்றைக் கவனித்தல் தகும். ஹெனானின் உழவர் பொய்யுரைத்து உலகைக் கெடுத்தவர்களல்லர், கெடுக்கப்பட்டவர்கள். ‘ஏழை பொய் சொல்வான்’ என்று ரிற்மஸின் வாதத்தைச் சுருக்கிக் கூறுவோர் அவரையும் அறியார், ஏழையையும் அறியார்.

இதுவரை நூலின் வெற்றி. இனி அது போதாத இடங்களை நோக்குவோம்.

பிரித்தானியாவின் நச்சுக்குருதி விவகாரத்தை ஆராய்ந்த சேர் பிறையன் லாங்ஸ்ராவின் விசாரணைக்குழு 2024 மே மாதத்தில் அறிக்கை வெளியிட்டது. முப்பதினாயிரம் பேருக்கு மேல் தொற்றுக்கு ஆளாயினர். ஏறத்தாழ மூவாயிரம் பேர் இறந்தனர். இவர்களுள் ஈமோபீலியா என்னும் குருதி உறையாநோய் உடையோர் பலருக்கு எமனாக வந்தது, அமெரிக்காவில் விலைகொடுத்துப் பெற்ற பிளாஸ்மாவிலிருந்து தயாரித்த இறக்குமதி மருந்து. இதுவரையில் ரிற்மஸ் சொன்னதே மெய்யாயிற்று. ஆயின், சத்திரசிகிச்சையின்போதும் மகப்பேற்றின்போதும் உள்நாட்டுக் குருதியை ஏற்றிக்கொண்டு ஈரல் அழற்சி ‘சி’ வைரசுக்கு ஆளானோர் மிகப் பலர். அக்குருதி சந்தையிலிருந்து வந்ததன்று. ரிற்மஸ் போற்றிய கொடையாளரிடமிருந்தே வந்தது.

இதற்குக் காரணம் யாது? முதலாவது, அறியாமை. ஈரல் அழற்சி ‘சி’ வைரசு 1989இலேதான் அடையாளம் காணப்பட்டது. பிரித்தானியாவிற் கொடைக்குருதி முழுவதையும் அதற்காகப் பரிசோதிக்கத் தொடங்கியது 1991இல். தன் உடலில் நோயுண்டென அறியாதவன் ‘இல்லை’ என்று எழுதுவது பொய்யன்று, மெய்யுமன்று. உள்ளம் தூயதாயினும் உடல் தூயதாதல் வேண்டுமென்ற நியதி இல்லை. கொடையாளரின் நல்லெண்ணத்தைப் பரிசோதனைக்கு மாற்றாகக் கொண்ட எவரும் இங்கே இடறி வீழ்வர்.

இரண்டாவது, பணம் இல்லாத இடத்திலெல்லாம் சுதந்திரம் இருப்பதில்லை. பிரித்தானியச் சிறைச்சாலைகளில் 1984 வரையிற் குருதி சேகரிக்கப்பட்டது. கைதி காசு பெறவில்லை. ஆனால் சிறைச்சுவருக்குள் அதிகாரியின் நன்மதிப்பும் நாணயமே. ஊசியாற் போதை ஏற்றிய ஒருவன், தன்னைக் காவல்செய்யும் அமைப்பின் கூரையின்கீழ் அதனை ஒப்புக்கொள்வானா? பிரான்சிலும் சிறைக்குருதி சேகரிக்கப்பட்டது. அந்நாட்டு நச்சுக்குருதி வழக்கில் இரத்தச் சேவையின் தலைவரே 1992இற் தண்டிக்கப்பட்டார். ரிற்மஸ் கொடையாளரை எட்டு வகையினராகப் பிரித்தபோது, ‘கட்டுண்ட தன்னார்வக் கொடையாளர்’ என்று ஒரு வகையையும் குறிப்பிட்டுள்ளார். பெயரை அவர் தந்தார்; அதன் முழுப்பொருளைப் பின்வந்த வரலாறே தந்தது.

மூன்றாவது காரணமே நமது விவாதத்துக்கு முதன்மையானது. வாயை அடைப்பது பணம் ஒன்றே அன்று. நாணமும் அச்சமும் அடைக்கும்.

1981இல் எயிட்ஸ் நோய் முதன்முதலாகப் பதிவாயிற்று. 1983 மார்ச்சில், நோய்வாய்ப்படும் அபாயம் மிகுந்த குழுவினர் குருதி கொடாது விலகிக்கொள்ளுமாறு அமெரிக்கப் பொதுச் சுகாதாரத்துறை கேட்டுக்கொண்டது. பிறபொருளெதிரியைக் கண்டறியும் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது 1985 மார்ச்சில். இடைப்பட்ட ஈராண்டும் நோயாளிக்கும் மரணத்துக்கும் நடுவே நின்ற முதற்காப்பு கொடையாளரின் சொல்லே. பின்னர், 1977 முதல் ஒருமுறையேனும் இன்னோர் ஆணுடன் உறவுகொண்ட ஆண் எவனும் வாழ்நாள் முழுவதும் குருதி கொடுக்கலாகாது என விதிக்கப்பட்டது. நோய் மறைந்திருந்து கொன்ற அந்நாளிற் கடுமை வேண்டியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் பரிசோதனைகள் திருந்திய பின்னரும் அவ்விதி 2015 வரையில் நீடித்தது. ஒரே துணையுடன் பல்லாண்டு வாழ்ந்த ஆண் விலக்கப்பட்டான். பல பெண்களுடன் பாதுகாப்பின்றி உறவுகொண்டவனோ இவ்வினாவை எளிதிற் கடந்து சென்றான். ‘நீ என்ன செய்தாய்?’ என்று கேட்கவேண்டிய படிவம் ‘நீ யார்?’ என்று கேட்டது.

‘நீ யார்?’ என்ற வினா எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு வேறு உதாரணங்களும் உள. 1990 பெப்ரவரியில் ஹெயிற்றி நாட்டவர் அனைவரின் குருதியையும் அமெரிக்கா விலக்கிற்று. ஏப்ரல் 20ஆந் திகதி நியூயோர்க்கில் பல்லாயிரவர் புறூக்லின் பாலத்தைக் கடந்து ஊர்வலம் சென்றனர். அவ்வாண்டு முடிவதற்குள் விதியைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. இஸ்ரவேலில் எதியோப்பிய யூதரிடமிருந்து குருதியை வாங்கி, அவர்களுக்குத் தெரியாமல் அதனைக் கொட்டிவந்தமை 1996இல் அம்பலமாயிற்று. தென்னாபிரிக்க இரத்தச் சேவை, நிறவெறி ஆட்சி ஒழிந்து பத்தாண்டு சென்ற பின்னரும் இனத்தை அபாயத்தின் அளவுகோலாகக் கொண்டிருந்தது. தனிமனிதனின் சொல்லை நம்ப மறுக்கும் நிறுவனம், இறுதியில் அவன் பிறப்பைச் சாட்சிக்கு அழைக்கின்றது.

ஐயப்பாடு வெறும் ஊகமன்று. விலை பெறாத அமெரிக்கக் கொடையாளரிடையே, பெயர் குறிக்காத அஞ்சல் வினாக்கொத்தின் மூலம் நடாத்திய ஆய்வொன்று 1997இல் வெளியாயிற்று. விடையளித்தோர் 34,726 பேர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர், தாம் குருதி கொடுத்த வேளையிலேயே விலக்கப்பட்டிருக்கவேண்டிய காரணம் ஒன்று தம்மிடம் இருந்ததாகத் தெரிவித்தனர். இவர்கள் அனைவரும் படிவத்தையும் நேர்காணலையும் கடந்து சென்றவர்களே. காசுக்காகப் பொய்யுரைத்தவர்களும் அல்லர். முகத்துக்கு நேரே கேட்டபோது சொல்லாததை, முகம் மறைந்த கடிதத்திற் சொன்னார்கள். மனிதன் ஒருவனே, வினாவும் ஏறக்குறைய ஒன்றே, கேட்கப்பட்ட நிலைமை வேறாகவே விடையும் வேறாயிற்று. தாதியின் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசுவதைக் கணினித் திரையில் மனிதர் கூடுதலாகத் தெரிவிக்கின்றனர் என்பதும் ஆய்வுகளிற் புலனாகியுள்ளது.

இரத்த வங்கிகளே இதனை உணர்ந்திருந்தமைக்கு ஒரு சான்றுண்டு. 1980களில் அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. குருதி கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஒட்டுத்தாள்கள்: ஒன்றின் பொருள் ‘என் குருதியைப் பயன்படுத்துக’, மற்றதன் பொருள் ‘பயன்படுத்தற்க’. யாரும் பாராத இடத்தில் ஒன்றைத் தெரிந்து ஒட்டிவிட்டு அவன் போகலாம். பின்னர் வந்த நுட்பமான பரிசோதனைகளால் இதன் பயன் குறைந்து, பல இடங்களிற் கைவிடப்பட்டது. ஆயினும் அதன் சமூகப்பொருள் ஆழமானது. தொழிற்சாலைத் தோழருடனோ தேவாலயக் கூட்டத்துடனோ வந்த ஒருவன், ‘நான் கொடுக்கமாட்டேன்’ என்று எழுந்து செல்ல இயலாமையால், கையை நீட்டிக் குருதியைக் கொடுத்து, அதனைக் கொட்டிவிடுமாறு இரகசியமாக வேண்டுகின்றான். தன்னார்வக் கொடை என்று நாம் எழுதும் சொல்லின் உள்ளே எத்துணைக் கட்டாயம் ஒளிந்திருக்கலாம் என்பதை அவ்வொட்டுத்தாள் கூறும்.

‘இக்காலத்திற் பரிசோதனைகள் வளர்ந்துவிட்டன, வினா எதற்கு?’ என்று சிலர் கேட்பர். எச்.ஐ.வி. தொற்றிய பின் பிறபொருளெதிரி தோன்ற ஏறத்தாழ மூன்று வாரம் செல்லும். நியூக்கிளிக்கமிலப் பரிசோதனை இவ்விடைவெளியை ஏறத்தாழப் பத்து நாளாகக் குறைத்தது, ஒழிக்கவில்லை. அப்பத்து நாளும் மெய் மௌனம் சாதிக்கும், வாய்மட்டுமே பேசவல்லது. மாட்டுப் பித்துநோயோடு தொடர்புற்ற மூளைநோய்க்கோ கொடைக்குருதியைச் சோதிக்கும் வழக்கமான பரிசோதனை எதுவும் ஏற்படவில்லை. ஆதலால் 1980 முதல் 1996 வரையிற் பிரித்தானியாவில் வாழ்ந்தவர்களைப் பல நாடுகள் நெடுங்காலம் விலக்கிவைத்தன. இதற்கும் ஆதாரம் கொடையாளரின் சொல்லே. அவ்வினாவுக்கு விடையளிக்க எவரும் நாணியதில்லை. லண்டனில் வாழ்ந்தேன் என்று சொல்வதில் இழுக்கில்லை அன்றோ! யாருடன் வாழ்ந்தேன் என்று சொல்வதில் இழுக்கு ஏற்படுத்தி வைத்தது சமுதாயம். ஒரே படிவத்தில், ஒரே மனிதனின் கையெழுத்தில், ஒரு விடை உறுதியானதாகவும் மற்றொன்று தளர்ந்ததாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆகவே ரிற்மஸின் கருத்தை நாம் மறுக்கவேண்டியதில்லை. அதன் எல்லையை விரித்தல்வேண்டும். உண்மைக்கு விலை வைத்தல் கூடாது என்றார் அவர். அவ்விலை காசாக மட்டுமன்றி மானமாகவும், வேலையாகவும், சட்டத்தின் தண்டனையாகவும் அறவிடப்படலாம் என்பதை நாம் சேர்த்துக்கொள்ளவேண்டும். சிங்கப்பூரிற் பொய்யான விடையளித்த கொடையாளரைச் சட்டப்படி தண்டிக்கலாம். தண்டனைக்கு அஞ்சி ஒருவன் வராதிருக்கலாம். வந்தவன் அச்சத்தினால் மெய்யுரைப்பான் என்பது நிச்சயமன்று. நம் நாட்டை எடுத்துக்கொண்டால், பிரித்தானியர் 1883இல் விட்டுச்சென்ற தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தன்பாலுறவைக் குற்றமாக்கின. அதனைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது 2023இலேதான். ஒரு மேசையில் இருந்து குற்றம் என்று எழுதும் அரசு, அடுத்த மேசையில் இருந்து ‘ஒளியாமற் சொல்’ என்று கேட்டால் மனிதன் எந்த மேசையை நம்புவான்?

மாற்றுவழி இல்லாமலில்லை. பிரித்தானியா 2021இலும், ஐக்கிய அமெரிக்கா 2023இலும் குழுவிலக்கைக் கைவிட்டன. ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லோரிடமும் ஒரே வினாக்கள் கேட்கப்படலாயின: கடந்த மூன்று மாதத்திற் புதிய துணையுடன் உறவு கொண்டாயா, ஒருவருக்கு மேற்பட்டோருடனா, எவ்வகை உறவு என்பன அவை. இவையும் கூச்சத்தைக் கிளறுவனவே. ஆயினும், இவ்வினாக்களின் முன் எவனும் தன் இனத்தாற் குற்றவாளியாவதில்லை. எல்லோரும் நிற்கும் வரிசையில் நிற்பது தனியே நிறுத்தப்படுவதிலும் எளிது.

இத்தனையும் பிறநாட்டார் கதையென நாம் ஒதுக்குதற்கில்லை. நோயாளியின் உறவினரை ‘மாற்றுக் குருதி கொண்டுவா’ என்று கேட்கும் பழைய முறையிலிருந்து விலகித் தன்னார்வக் கொடையை நம் தேசிய இரத்தச் சேவை வளர்த்தெடுத்தமை பெருமைக்குரியது. தம்பியின் சத்திரசிகிச்சைக்காக அழைக்கப்படும் அண்ணன் எவ்வாறு ‘நான் தகுதியற்றவன்’ என்று குடும்பத்தின் முன் சொல்வான்? அந்த நெருக்கடி அகன்றது நன்று. எனினும் தன்னார்வக் கொடையின் பெருங்களம் முகாம். அம்முகாம்களைப் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கூட்டுவோர் ஆசிரியரும் மாணவருமாகிய நாமே.

சில ஆண்டுகளின் முன் அத்தகைய முகாமொன்றில் நானும் ஓர் ஏற்பாட்டாளனாக நின்றேன். கூட்டம் பெரிது, நேரம் சிறிது. சென்ற ஆண்டின் தொகையைத் தாண்டிவிடவேண்டுமென்ற ஆவல் வேறு. எனவே வாங்கில் வரிசையாக இருந்தவர்களுக்கு நம்மவர் ஒருவர் படிவத்தை உரக்க வாசித்தார். வினா ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை, இல்லை’ என்று வரிசை முழுவதும் ஒரே குரலிற் கூறிற்று. சில வினாக்களுக்குச் சிரிப்பும் எழுந்தது. அவ்வரிசையில் இருந்த இளைஞன் ஒருவன் தண்ணீர் குடித்து வருவதாகச் சொல்லி எழுந்து சென்றான். திரும்பி வரவில்லை. ஊசிக்குப் பயந்தவன் என்று நண்பர்கள் நகைத்தனர், நானும் நகைத்தேன். ஊசிக்குத்தான் பயந்தானோ, வேறு எதற்கோ, அறியேன். அந்த மண்டபத்தில் அன்று அப்படிவத்தை மதித்து நடந்தவன் அவன் ஒருவனாகவே இருந்திருக்கலாம் என்ற எண்ணம் பின்னரே எனக்குத் தோன்றிற்று. மற்றவர்களிடம் நாம் விடையைப் பெற்றோமேயன்றி வினாவைக் கேட்கவில்லை.

மேடையில் ஏறி உண்மையின் உயர்வைப் பேசுவது நமக்குக் கைவந்த கலை. உண்மை சொல்வதற்கு ஓர் இடம் ஒதுக்குவதோ கடினமாயிருக்கின்றது. செய்யவேண்டியவை பெரியனவல்ல: படிவத்தைத் தனியே இருந்து நிரப்ப ஒரு மேசை, தாதியுடன் பேச ஒரு திரைமறைவு, தொகைப் போட்டி இல்லாத அறிவித்தல், கொடாது திரும்புபவனை ‘ஏன்?’ என்று கேளாத வாயில். கொடை என்பது கொடாதிருக்கும் உரிமையையும் உள்ளடக்கியது. அவ்வுரிமை இல்லாதவிடத்துப் பெறப்படும் குருதியைக் கொடை என்று எழுதுவது, அப்படிவத்தில் நாம் எழுதும் முதற் பொய்யாகும்.